பந்தய வண்டிச் சக்கரத்தில் இரும்புப் பட்டா ஆடுது: தை வரைக்கும் எப்படி எடுத்து வைக்கிறது?

மேலூர்_கரிச்சான்:
பந்தயத்தில கரிச்சான் பிரிவு மாட்டுக்குப் பூட்டுற ரெட்டைமாட்டு வண்டி. சக்கரத்து நடுவுல இருக்கிற குடமும் ஆரக்காலும் கருவேலம், விளிம்பு மரமான வட்டை வாகை, நுகம் கட்டுற நீளத் தடியான ஏர்க்கால் பூவரசு. சக்கரம் 4 அடி, 12 ஆரக்கால். பங்குனியில இருந்து வலது சக்கரம் கடகடங்குது. பட்டாவுக்கும் வட்டைக்கும் நடுவுல ரெண்டு இடத்தில ஹாக்சா பிளேடு உள்ளே போகுது. கண்மாயில ரெண்டு நாள் ஊறப்போட்டா இறுகிடும்ங்கிறாங்க. இனி தை வரைக்கும் வண்டிக்கு வேலை இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, சிமென்ட் தரை, மேற்குப் பக்கம் திறப்பு. ஊறப்போடலாமா? மரத்துக்குக் கழிவு ஆயில் அடிச்சு வைக்கலாமா?

பட்டறை_திருமங்கலம்:
ஊறப்போடாதீங்க தம்பி (சித்திரையில கண்மாயில தண்ணி கிடந்தா அதுவே பெரிய விஷயம்). ஊறினா இறுகும், அது பொய்யில்லை. ஆனா மரம் உப்பும்போது இரும்பு அதை விரிய விடாது. போக இடமில்லாம மரத்தோட நார் உள்ளுக்குள்ளயே நசுங்கும். திரும்பக் காயும்போது முன்னாடி இருந்த அளவைவிடச் சின்னதாத்தான் நிக்கும். வருஷா வருஷம் ஊறப்போட்ட சக்கரத்தில ஆரக்கால் குடத்தில இருந்து கையோட வர்றது இதனாலதான்.

தளர்ச்சி எங்கிருந்து வருதுன்னு கணக்குப் பாருங்க. மரம் நீளவாக்கில சுருங்கவே சுருங்காதுன்னு சொல்லலாம். குறுக்குவாக்கில நல்லா சுருங்கும். வட்டை கனம் 75 மி.மீ. இருக்கு, 2 சதவீதம் சுருங்குதுன்னு வைங்க: 1.5 மி.மீ. எதிர்ப்பக்க வட்டையும் சேர்த்தா விட்டத்தில 3 மி.மீ. குறையுது, சுற்றளவுல 9 மி.மீ.க்கு மேல. பட்டா அதே அளவுலதான் நிக்குது, ஆடாம என்ன செய்யும்?

முதல்ல மரச்சுத்தியால ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டுங்க. கணீர்னு கேட்டா நல்லது. சத்தம் செத்து வந்தா அந்தக் கால் குடத்திலயோ வட்டையிலயோ விட்டுப்போச்சு. கால் எல்லாம் பிடிமானமா இருந்து பட்டா மட்டும் தளர்ந்திருந்தா அதை வெட்டிச் சுருக்கி, சூடேத்தித் திரும்பக் கட்டினாப் போதும். ரெண்டு மூணு கால் ஆடினா பட்டாவைக் கழற்றி, காலைச் சரிபண்ணிட்டுத்தான் கட்டணும்.

4 அடிச் சக்கரத்துக்குச் சுற்றளவு சுமார் 3.83 மீட்டர். பட்டாவோட உள்சுற்றளவு இதைவிட அரை அங்குலம் குறைவா இருக்கணும். இரும்பு 400 டிகிரி சூடேறினா இந்த நீளத்துக்கு 18 மி.மீ. வரைக்கும் விரியும், அதனால ஏறி உட்காரும். முக்கால் அங்குலம் குறைச்சா ஏறவே ஏறாது; அடிச்சு ஏத்தினா ஆறும்போது வட்டை பிளக்கும், இல்லேன்னா ஆரக்கால் வளையும். உட்கார்ந்ததும் சுற்றிலும் ஒரே சீரா தண்ணி ஊத்துங்க. ஒரு பக்கம் மட்டும் முதல்ல ஆறினா சக்கரம் கோணிக்கும்.

இதை இப்பவே செய்யுங்க. மழைக்காலத்தில மரம் உப்பியிருக்கும்போது கட்டின பட்டா, அடுத்த கோடையில கட்டாயம் ஆடும்.

உசிலை_மாட்டுவண்டி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. பட்டாவுக்கு அடியில தகரமோ மூங்கில் சிராயோ சொருகுற பழக்கம் இருக்கு. சொருகின இடம் மேடாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த ஒரு வட்டைதான் மொத்த அடியும் வாங்கும். பந்தய வேகத்தில முதல்ல உடையறதும் அதுதான்.

எடுத்து வைக்கிறதுக்கு: கடையாணியைக் கழற்றி ரெண்டு சக்கரத்தையும் இறக்கிடுங்க. இருசிலயும் (அச்சு) குடத்துக்குள்ளயும் இருக்கிற பழைய மசகை மண்ணெண்ணெய்த் துணியால சுத்தமாத் துடைக்கணும். அதில மணல் கலந்திருக்கும், அப்படியே மேல புதுசு தடவினா இருசைத் தேய்ச்சிடும். இரும்பு மேல மெலிசா கிரீஸ் பூசிட்டு, முழு மசகை தை பொறக்கிறப்ப போட்டுக்கலாம்.

சக்கரத்தைச் சுவர்ல சாய்க்காதீங்க. தரையில் படற வட்டை ஈரம் இழுக்கும், எடை முழுக்க அதே இடத்தில நிக்கும். படுக்கவச்சு, வட்டைக்கு அடியில மூணு கட்டை கொடுங்க. குடம் தரையில படாம தொங்குற உயரம் வேணும். வண்டிக்கு இருசு ரெண்டு நுனியிலயும் முட்டுக் கொடுத்து, ஏர்க்கால் நுனியையும் அதே மட்டத்துக்குத் தாங்கி வைங்க. நுனி தொங்கினபடி எட்டு மாசம் கிடந்தா பூவரசு வளைஞ்சுடும்.

உங்க கொட்டகையில பெரிய சிக்கல் மேற்கு வெயில். சக்கரத்தோட ஒரு முகம் மட்டும் காய்ஞ்சா கோணும், அதனால கிழக்கு ஓரமா வைங்க. ஆஸ்பெஸ்டாஸுக்கு நேர் கீழே உயரமாப் பரண் கட்டி ஏத்த வேண்டாம், அங்கே வெக்கை தாங்காது. தார்ப்பாயால இறுக்கிச் சுத்தினா ஐப்பசி மழையில உள்ளே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பழைய காட்டன் சேலையோ சாக்கோ போதும். சுவரை ஒட்டாம ஒரு முழம் தள்ளி வச்சா, முட்டுக்கட்டையில கரையான் மண் ஏறுறது கண்ணுக்குத் தெரியும்.

வேம்பு_வாடிப்பட்டி:
கழிவு ஆயில் வேண்டவே வேண்டாம். அது காயாது, புழுதியை இழுத்து அப்பிக்கும், அப்புறம் பெயின்ட் ஒட்டாது. மாடு நக்கினாலும் கெடுதல்.

ஹார்டுவேர் கடையில டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) கேளுங்க. முதல் பூச்சுக்கு ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி. அரைமணி நேரம் கழிச்சு மேல நிக்கிற எண்ணெயைத் துடைச்சிடணும், இல்லேன்னா பிசுபிசுன்னே இருக்கும். ஒரு நாள் காயவிட்டு, ரெண்டாவது பூச்சு ஆயில் மட்டும். வட்டை மூட்டு, குடத்தோட ரெண்டு முகம், ஏர்க்கால் நுனி, இந்த வெட்டுவாய்களுக்கு மூணு பூச்சு கொடுங்க. ஈரம் வேகமா உள்ளே போறதும் வெளியே வர்றதும் அது வழியாத்தான்.

துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதீங்க. லின்சீட் ஆயில் காயும்போது தானே சூடாகும், சுருட்டின துணி தானாத் தீப்பிடிக்கும். மதுரை வெயிலுக்குச் சொல்லவே வேணாம், பக்கத்தில வைக்கோல் வேற இருக்கும். தண்ணியில முக்கி, விரிச்சுக் காயப்போடுங்க.

நுகத்தடியில மாட்டுக் கழுத்துப் படுற இடத்துக்கு மட்டும் விளக்கெண்ணெய். வேற எதுவும் வேண்டாம்.

மேலூர்_கரிச்சான்:
நன்றிண்ணே. இன்னொண்ணு, ஏர்க்கால்ல நுகம் கட்டுற இடத்துக்கிட்ட குண்டூசித் தலை அளவுக்கு ஓட்டை, கீழே மாவு மாதிரி கொட்டிக் கிடக்கு. லின்சீட் அடிச்சா நின்னுடுமா?

பட்டறை_திருமங்கலம்:
நிக்காது. அது உளு, மரத்தைத் துளைச்சுத் தின்கிற பூச்சி. முதல்ல உயிரோட இருக்கான்னு பாருங்க: மாவைப் பெருக்கிட்டு அடியில கறுப்புத் தாள் விரிச்சு, ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. புதுசா மாவு விழுந்தா உள்ளே வேலை நடக்குது. குத்தூசியால ஓட்டை இருக்கிற இடத்தில அழுத்துங்க. கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா ஏர்க்காலை மாத்திடுங்க, மருந்து அடிச்சுப் பிரயோஜனமில்லை. ரெண்டு மாடு இழுக்கிற இழுப்பு முழுக்க அந்த இடத்திலதான் விழுது.

மேலோட்டமா இருந்தா, பெயின்ட், எண்ணெய் எல்லாம் சுரண்டி வெறும் மரமாக்குங்க. ஒரு லிட்டர் வெந்நீர்ல போராக்ஸ் 60 கிராம், போரிக் ஆசிட் 40 கிராம் கரைச்சு, ஆறுறதுக்கு முன்னாடி மூணு தடவை பூசுங்க. ஓட்டைக்குள்ள ஊசியால விடுங்க. நல்லாக் காஞ்ச பிறகு லின்சீட். இந்த வரிசை மாறக்கூடாது. எண்ணெய் முதல்ல ஏறிட்டா மருந்து உள்ளே இறங்காது, எண்ணெயே அடிக்காம விட்டா மழைச் சாரல்ல மருந்து கரைஞ்சு போயிடும். மருந்து காயற வரைக்கும் மாட்டை அந்தப் பக்கம் கட்டாதீங்க.