சிறுநீரக பயாப்ஸியில் 8 குளோமருலஸ் (இரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சு) மட்டும்: மினிமல் சேஞ்ச் என்று எழுதலாமா?

கேள்வி:
வயது 30, நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் அதிகம் வெளியேறி உடல் வீங்குவது). 8 குளோமருலஸும் இயல்பாகத் தெரிகின்றன. இம்யூனோஃபுளோரசென்ஸ் (ஆன்டிபாடி படிந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) நெகட்டிவ். ஓரிடத்தில் மட்டும் நாலைந்து டியூபியூல் (சிறுநீர் செல்லும் நுண்குழாய்) சுருங்கி, அவற்றின் பேஸ்மென்ட் மெம்பிரேன் (அடிச்சவ்வு) தடித்திருக்கிறது. மினிமல் சேஞ்ச் (சாதாரண மைக்ராஸ்கோப்பில் குளோமருலஸ் இயல்பாகவே தெரியும் நோய்) என்று முடித்துவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. எஃப்எஸ்ஜிஎஸ் (சில குளோமருலஸில் மட்டும், அதிலும் ஒரு பகுதியில் தழும்பு விழும் நோய்) பத்தில் ஒரு குளோமருலஸைத்தான் பிடித்திருக்கிறது என்றால், 8-ல் ஒன்றுகூடச் சிக்காமல் போக 43 சதவீத வாய்ப்பு. 20 கிடைத்திருந்தால் அது 12 சதவீதம். எனக்கு உறுத்துவது அந்தச் சுருங்கிய டியூபியூல்கள்தான். இந்த வயதில் சும்மா வராது. பிளாக்கை (மெழுகில் பதித்த திசு) இன்னும் ஆழமாக வெட்டுங்க: 2 முதல் 3 மைக்ரான் தடிமனில், பிஏஎஸ், சில்வர் சாயங்கள் மாறிமாறி. தழும்பு குளோமருலஸின் ஒரு மூலையில், சில வெட்டுகளில் மட்டுமே தென்படும்.

பதில் 2:
மெடுல்லா (சிறுநீரகத்தின் உட்பகுதி) வந்திருக்கா சார்? எஃப்எஸ்ஜிஎஸ் பெரும்பாலும் கார்டெக்ஸும் (வெளிப்பகுதி) மெடுல்லாவும் சேரும் எல்லையில்தான் தொடங்கும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை மட்டும் நம்பாதீங்க, மினிமல் சேஞ்ச், எஃப்எஸ்ஜிஎஸ் இரண்டிலுமே குளோமருலஸ் செல்களின் பாத நீட்சிகள் தட்டையாகியிருக்கும்.

கேட்டவர்:
மெடுல்லா இல்லை, மேல் கார்டெக்ஸ் மட்டும்தான்.

பதில் 1:
அப்போ மறுவெட்டிலும் ஒன்றும் இல்லையென்றால், "8 குளோமருலஸ், ஆழக் கார்டெக்ஸ் இல்லை, எஃப்எஸ்ஜிஎஸ்ஸை விலக்க முடியாது" என்று ரிப்போர்ட்டில் அப்படியே எழுதுங்க. ஸ்டீராய்டு வேலை செய்யாவிட்டால் மறு பயாப்ஸி பற்றி முடிவெடுக்க நெஃப்ராலஜிஸ்டுக்கு அந்த வரி வேண்டும்.