தவில் கேட்க ஹெட்போனா, ஸ்பீக்கரா?

வணக்கம் உறவுகளே. இணுவிலில் எங்கள் வீட்டில் பழைய நாதசுர, தவில் கச்சேரிகளை இரவில் ஹெட்போனில் கேட்டு வருகிறேன். தவிலின் வலப்பக்க முகமான வலந்தலையில் விரற்கூடு (விரல்களில் அணியும் கடினமான உறை) விழும் ஒலி அத்தனை துல்லியம். ஆனால் ஒலிப்பதிவின் இடப்பக்க ஒலி இடக்காதுக்கு மட்டுமே செல்வதால், வித்துவான்கள் என் மண்டைக்குள் அமர்ந்து வாசிப்பது போலிருக்கிறது.

ஸ்பீக்கரில் இரு காதுகளும் இரு பக்க ஒலியையும் கேட்பதால் கச்சேரி கண்முன்னே விரிகிறது. எனினும், ஸ்பீக்கர்களையும் கதிரையையும் 6 அடி இடைவெளியில் சமபக்க முக்கோணமாக வைத்துப் பார்த்தும், சீமெந்துத் தரையிலும் வெறுஞ்சுவரிலும் ஒலி மோதித் திரும்புவதால் தொப்பியின் (தவிலில் குச்சியால் வாசிக்கும் இடப்பக்க முகம்) அடி வெறும் இரைச்சலாகிவிடுகிறது. (அப்பாவோ ஹெட்போனைத் தொடவே மாட்டார்.)

தடித்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் போதுமா? அல்லது, ஹெட்போனிலேயே இரு பக்க ஒலியையும் சற்றுக் கலந்து தரும் செயலியைப் பயன்படுத்தியவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து அறியத் தாருங்கள்.