சீதனக் காணிக்குப் புருஷன்ர கையெழுத்து: 12ஆம் உறுப்புரை எங்க போச்சு?

கடற்கரைக்காற்று:
ஞாயிறு வெள்ளவத்தையில பெண்களுக்கு அரசியலமைப்பு உரிமை வகுப்பு எண்டு கூப்பிட்டினம். பேச வந்தவர் சொல்லுறார்: இலங்கையின்ர 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்ர 12ஆம் உறுப்புரையில பால் வேறுபாடு காட்டக்கூடாது எண்டு இருக்காம், அதால பெண்ணுக்குப் பாதகமான பழைய சட்டமெல்லாம் செல்லாதாம். எல்லாரும் கைதட்டினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அதே அத்தியாயத்தில 16(1) இருக்கு. முன்னம் இருந்த சட்டம், எழுதினதோ எழுதாததோ, அடிப்படை உரிமையோட முரண்பட்டாலும் செல்லும் எண்டு அது சொல்லுது. அதாலதான் யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டமான தேசவழமைக்குக் கீழ வாற கலியாணமான பெண் தன்ர காணியை விக்கப் போனா, உறுதி எழுதுற நொத்தாரிசு புருஷன்ர சம்மதத்தை எழுத்தில கேக்கிறார். அப்பிடிக் கேக்கச் சொல்லுற 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் உயிரோட இருக்கு. இதைச் சொல்லாத வகுப்பு ஆருக்கு?

வலிகாமத்தான்:
தங்கச்சி, நல்ல காரியம் நடந்தா அதிலயும் பிழை பிடிக்கோணுமோ? இங்கிலாந்துக்காரி தன்ர பேரில சொத்து வைச்சிருக்க 1882 மட்டும் பாத்துக்கொண்டிருந்தவ. எங்கட தேசவழமையை டச்சுக்காரன் 1707இல எழுதி எடுக்க முன்னமே எங்கட பெண்ணுக்குச் சீதனம் தனிச்சொத்து. அந்தப் பெருமையை விட்டிட்டு ஒரு கையெழுத்தைப் பிடிச்சுத் தொங்கிறியள்.

கடற்கரைக்காற்று:
பெருமையை வைச்சுக்கொள்ளுங்கோ ஐயா. புருஷன் தன்ர பரம்பரை முதுசக் காணியை விக்கப் பெண்சாதியின்ர கையெழுத்து வேணுமோ? வேண்டாம். அவ தன்ர சீதனக் காணியை விக்க அவரின்ர கையெழுத்து ஏன்? இதுக்குப் பதில் சொல்லுங்கோ.

அளுத்கடை வாசல்:
பாதி உண்மை சொல்லுறது நீங்கள்தான். புருஷன் நியாயமில்லாமல் மறுத்தா மாவட்ட நீதிமன்றத்தில அனுமதி எடுக்கலாம். மரண சாசனம் எழுத ஆற்ற சம்மதமும் வேண்டாம். இந்தச் சட்டத்தோட புழங்கிற ஆள் எண்டபடியால் சொல்லுறன், முதல்ல முழுசா வாசியுங்கோ.

கடற்கரைக்காற்று:
வாசிச்சுப்போட்டுத்தான் வந்தனான். செத்தாப் பிறகு ஆருக்குப் போகோணும் எண்டு எழுத உரிமை, உயிரோட இருக்கேக்க விக்க இன்னொருத்தற்ற அனுமதி. நீதிமன்றத்துக்குப் போகலாம் எண்டுறியள். தன்ர காணிக்கு அவ ஏன் வழக்குச் செலவு செய்யோணும்? அடிப்படை உரிமை மனுவும் உதவாது. 126ஆம் உறுப்புரை அரசாங்கத்தின்ர நிறைவேற்று, நிருவாகச் செயலுக்கு எதிராத்தான். புருஷன் அரசாங்கமில்லை. சட்டம் நிறைவேறினாப் பிறகு அது அரசியலமைப்புக்கு முரண் எண்டு நீதிமன்றத்தில கேக்கவும் 80(3) விடாது. வகுப்பில இதெல்லாம் சொல்லியிருந்தா அந்தப் பொம்பிளையள் பாராளுமன்றத்தைப் பாத்துக் கேள்வி கேட்டிருப்பினம். கைதட்டி அனுப்பிவிட்டாச்சு.

தெமட்டகொடை உம்மா:
எப்பவும் உங்கட காணிக் கதைதான். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தையும் இந்த 16தான் காப்பாத்துது. கல்யாணப் பதிவில பொண்ணுட கையெழுத்துக்கு இடமே இல்ல, வலிதான், அதாவது தகப்பன் மாதிரி அவட ஆண் பொறுப்பாளர்தான் வைக்கிறார். பொம்பளை காதியாக, அதாவது எங்கட விவாக வழக்கு விசாரிக்கிற நீதிபதியாக ஏலாது. நீங்க கையெழுத்து ஏன் வேணும்னு கேக்கிறீங்க. எங்களுக்கு எங்கட கையெழுத்துத்தான் வேணும்.

வலிகாமத்தான்:
பாத்தியளோ, இப்ப எல்லாச் சமயத்தையும் இழுத்தாச்சு. அடுத்தது சாதியோ?

நோர்வூட் பிள்ளை:
நான் கொட்டாஞ்சேனையில இருக்கேன். எங்களுக்குத் தேசவழமையும் இல்ல, சீதனக் காணியும் இல்ல. பால் வேறுபாடு கூடாதுங்கிற 12(2) ‘பிரஜை’ன்னுதான் சொல்லுது. 1948ல மலையகத்து எங்க ஆளுங்க பிரஜாவுரிமையைப் பறிச்சாங்க, மிச்சம் இருந்தவங்களுக்கு 2003 சட்டம் வரைக்கும் இழுத்துச்சு. வீட்டு வேலைக்கு வந்திருக்கிற எங்க பொண்ணுங்கள உங்க ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு யாராவது கூப்பிட்டீங்களா? அரசாங்க அதிகாரி உரிமையை மீறினா ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போகணும்னோ, அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செஞ்சா விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராதுன்னோ அவங்ககிட்ட யார் சொன்னா?

வலிகாமத்தான்:
பிள்ளை, இது காணிச் சட்டத்தைப் பற்றின கதை. உங்கட பிரச்சினைக்கு வேற இடம் இருக்கு.

நோர்வூட் பிள்ளை:
எப்பவுமே வேற இடந்தான். கேட்டுக் கேட்டுப் பழகிட்டோம்.

கடற்கரைக்காற்று:
வலிகாமத்தான், அந்தப் பிள்ளையிட்ட அப்பிடிக் கதைக்காதேங்கோ. வகுப்புக்கு அவையைக் கூப்பிடாதது பெரிய பிழை, அதையும் கேப்பன். நீங்கள் இன்னும் என்ர கேள்விக்குப் பதில் சொல்லேல்லை.

அளுத்கடை வாசல்:
சொல்லியாச்சு. மாவட்ட நீதிமன்றம்.

கடற்கரைக்காற்று:
அது பதிலில்லை, சுத்துவழி. அவரின்ர காணிக்கு ஏன் அந்தச் சுத்துவழி இல்லை?

வலிகாமத்தான்:
குடும்பம் எண்டா ரெண்டு பேரும் கலந்து பேசித்தான் விக்கோணும். அதுதான் எங்கட வழமை.

கடற்கரைக்காற்று:
அப்ப ரெண்டு பேரின்ர காணிக்கும் ரெண்டு கையெழுத்து எண்டு சட்டத்தை மாத்தச் சொல்லி நீங்களும் வாங்கோ. வருவியளோ? அடுத்த ஞாயிறும் வகுப்பு இருக்கு. 16(1)ஐ எல்லாருக்கும் கேக்க வாசிக்கச் சொல்லுவன்.

வலிகாமத்தான்:
வாசிக்கட்டும். சீதனம் குடுத்தது ஆர் எண்டதையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்கோ.