காட்டில் வாழும் கேரக்டர் யாருக்கு வாடகை கொடுப்பாள்?

நாலு வருஷமாக ஒரே குழுவோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுகிறேன், 2014 விதிகளின்படி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு இது. இப்போது ஓடும் கேம்பெயினில் (தொடர்கதையில்) என் கேரக்டர் ஒரு ரேஞ்சர், அதாவது காட்டு வேட்டைக்காரி; பின்னணி அவுட்லேண்டர், ஊருக்கு வெளியே வளர்ந்தவள். ஊருக்குள் வருவாள், வேண்டிய சாமானை வாங்குவாள், பொழுது சாய்வதற்குள் மரத்தடிக்குத் திரும்பிவிடுவாள். கூரைக்கு அடியில் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தேன்.

மூன்றாம் லெவலில் டிஎம் (கதையை நடத்துகிறவர்) கதைக்குள், சாகசங்களுக்கு நடுவே, முப்பது நாள் இடைவேளை கொடுத்தார். "ஆளுக்கு 30 பொற்காசு கழிச்சுக்கோங்க, நாளுக்கு ஒரு பொற்காசு, நடுத்தர வாழ்க்கைச் செலவு" என்றார். என் தாளில் இருந்ததே 41. காசு குறைவது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இலைப்படுக்கையில் உறங்கி, முயல் சுட்டுத் தின்கிறவள் அந்த 30 காசை யார் கையில் எண்ணி வைத்தாள் என்பதுதான் மனதை உறுத்தியது. இத்தனை மாதம் நான் சொல்லி வந்த அவளுடைய வாழ்க்கை, ஒரு கழித்தல் கணக்கில் இல்லாமல் போனது போல இருந்தது.

வீட்டுக்குப் போய் வீரர் கையேட்டின் செலவுப் பகுதியைத் திரும்ப வாசித்தேன். பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு பெட்டிச் செய்தி இருக்கிறது. ஊரில் தங்காமல், வேட்டையாடியும் காய்கனி பறித்தும் தன் கருவிகளைத் தானே சரிபார்த்தும் வாழ்கிறவர்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். இடைவேளையில் ஏதாவது தொழில் பார்த்தால் ஏழை வாழ்க்கைக்கு நிகராக ஓட்டலாம். சர்வைவல் (காட்டில் பிழைக்கும் திறன்) பயிற்சி இருந்தால் வசதியான வாழ்க்கைக்கு நிகர். அதாவது ஊரில் நாளுக்கு 2 பொற்காசு கொடுத்தால் கிடைக்கிற வாழ்க்கை, அவளுக்குக் காட்டிலேயே கிடைக்கும்.

அடுத்த செஷனில் காட்டினேன். டிஎம் நிதானமாகப் படித்துவிட்டு, "சரி, காசு வேண்டாம். ஆனா நேரம் பிடிக்கும்னு இருக்கே, அதை நான் வாங்கிக்கிறேன்" என்றார். எனக்கு மிகவும் பிடித்துப்போன தீர்ப்பு அது. எங்கள் குழுவின் குள்ளர் கிளரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுகிறவர்) அந்த மாதத்தில் பத்து நாள் உலைக்களத்தில் உட்கார்ந்து, 50 பொற்காசு ஸ்கேல் மெயில் கவசத்தை 25 காசுச் சாமானில் செய்து முடித்தார். நாளுக்கு 5 பொற்காசு மதிப்பு வேலை நகரும், செய்கிற நாட்களில் நடுத்தரச் செலவும் கிடையாது. நானோ மூலிகைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டேன். அதற்கு 250 நாள், நாளுக்கு ஒரு பொற்காசு, கூடவே ஓர் ஆசிரியர். ஆசிரியர் இருப்பது ஊரில், என் ஆள் இருப்பது கண்ணி வைத்த ஓடைக்கரையில். அந்த முப்பது நாளில் ஒரு நாள்கூட 250-இல் சேரவில்லை. காட்டு வாழ்க்கைக்கு அவள் கொடுத்த வாடகை அது. மனசார ஒத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது பனிக்கணவாய். அவுட்லேண்டருக்குத் தனக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் உணவும் நீரும் தேடித் தரும் வரம் உண்டு. ஆனால் பழமும் சிறு பிராணியும் தண்ணீரும் அந்த நிலத்தில் இருந்தால்தான். பனியில் என்ன இருக்கிறது? வரம் இங்கே செல்லாது, இருபது முகப் பகடையைப் போடுங்கள், இலக்கு 20 என்றார் டிஎம். விழுகிற எண்ணோடு நான் சேர்த்துக்கொள்ளும் கூட்டல் 5. முதல் நாள் 14 விழுந்தது, மொத்தம் 19. ஒன்றில் போய்விட்டது. கட்டுச்சோற்றைப் பாதிப் பாதியாகப் பிரித்தோம். அரை வயிறு சாப்பிட்ட நாள் அரைப் பட்டினி நாளாகச் சேரும் என்பது விதி. இரண்டாம் நாள் 16 விழுந்தது, மொத்தம் 21, தேறிவிட்டது. எத்தனை பவுண்டு உணவு கிடைத்தது என்று பார்க்க ஆறு முகப் பகடையை உருட்டினேன். அது மேசை ஓரம் வரை ஓடிப்போய் ஒன்றில் நின்றது. யாரும் பேசவில்லை. பிறகு கிளரிக் ஆடுகிறவர் மெதுவாக, "பகடையில ஒண்ணு, உன் விஸ்டம் கூட்டல் மூணு, மொத்தம் நாலு பவுண்டு. நாம நாலு பேர்" என்றார். ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு போதும். அன்றைக்கு நாங்கள் கத்திய கத்து, எந்த டிராகனைக் கொன்றபோதும் கத்தியதில்லை.

உங்கள் மேசையில் எப்படி? காட்டில் வாழும் ஆள் யாராவது ஆடியிருந்தால் சொல்லுங்கள்.

ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஆடும் ஒருவர்:

என் ஆளுக்குச் சாப்பாட்டுப் பிரச்சினையே கிடையாது, குட்பெர்ரி மந்திரம் இருக்கிறது. ஒரு முதல் நிலை ஸ்லாட்டுக்கு (மந்திரம் போட இருக்கும் ஒரு வாய்ப்புக்கு) பத்துப் பழம், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் உணவு. 24 மணி நேரத்துக்குள் தின்றுவிட வேண்டும். தூங்கப் போகும்முன் மிஞ்சிய ஸ்லாட்டைப் பழமாக்கிவிடுவேன். செலவில்லாத வாழ்க்கை என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் லெவலில், எரிந்த கிராமத்திலிருந்து ஓடிவந்த கூட்டம் ஒன்றைக் காட்டில் பார்த்தோம். எண்ணினால் முப்பது பேர், பாதிக்குமேல் குழந்தைகள். என்னிடம் இருந்த மூன்று ஸ்லாட்டும் முப்பது பழமானது. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் ஒரு பழம் வைத்ததாக நான் சொல்லச் சொல்ல, டிஎம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் சொன்னார். அன்று நள்ளிரவில் ஓநாய்கள் வந்தன. ஒரு காயத்தைக்கூட ஆற்ற என்னிடம் ஸ்லாட் இல்லை. ஃபைட்டர் இரண்டு முறை விழுந்தார். இன்னொரு தடவை அதே நிலை வந்தாலும் அப்படியேதான் செய்வேன். ஆனால் பழம் இலவசம் என்று அதன்பிறகு நான் சொன்னதில்லை.

டிஎம் ஆக உட்காரும் ஒருவர்:

எல்லாரிடமும் ஒரே தொகை கழித்துவந்த டிஎம் நானும்தான். ஒரு ஆட்டக்காரர் வருத்தப்பட்டு இரண்டு வாரம் சரியாகவே ஆடவில்லை, அப்போதுதான் மாற்றினேன். இப்போது "எந்த இரவு எங்கே படுக்கிறீர்கள்" என்று மட்டும் கேட்பேன். காட்டில் படுத்த இரவுக்குக் காசில்லை. ஊரில் படுத்தால் சத்திரக் கணக்கு: நடுத்தர அறை 5 வெள்ளிக்காசு, நடுத்தரச் சாப்பாடு நாளுக்கு 3.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. வாழ்க்கைத் தரம் என்பது படுக்கையும் சோறும் மட்டும் கிடையாது, யார் கண்ணில் படுகிறோம் என்பதும்தான். பணக்கார வாழ்க்கை வாழ்கிறவருக்குப் பெரிய இடத்துத் தொடர்பு அமையும், ஒதுங்கி வாழ்கிறவர் திருடன் கண்ணில் படாமல் இருக்கலாம். என் மேசையில் காட்டில் வசதியாக வாழ்ந்த பார்பேரியன், காவல் தலைவரைப் பார்க்க வாசலில் அரை நாள் நின்றார். அவரை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதே அரை நாளில், அவரைத் தேடிக் கத்தியோடு வந்த கூலிக்கொலையாளி சத்திரம் சத்திரமாக அலைந்து வெறுங்கையோடு திரும்பினான். இரண்டையும் ஒரே செஷனில் நடத்தினேன், ஆட்டக்காரர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

இன்னொருவர்:

வேட்டை விடுதி ஒன்று வைத்துக்கொள்வது எங்களுக்குச் சரியாக வந்தது. டிஎம் கையேட்டுப் பராமரிப்புப் பட்டியலில் நாளுக்கு 5 வெள்ளிக்காசு, வேலைக்கு ஒரு ஆள், அவர் சம்பளமும் அதில் அடக்கம். முப்பது நாளுக்கு 15 பொற்காசு. கட்ட வைக்கவில்லை, ஒரு பிரபுவைக் காப்பாற்றியதற்குப் பரிசாக டிஎம் கொடுத்தார். காட்டுக்குள்ளேயே இருப்பதால் என் ரேஞ்சர் திண்ணை வரை வருகிறான், மற்றவர்கள் உள்ளே படுக்கிறார்கள்.

முதலில் எழுதியவர்:

சத்திரக் கணக்கை எங்கள் டிஎம்மிடம் காட்டினேன், உடனே எடுத்துக்கொண்டார். அடுத்த இடைவேளை 20 நாள். மூலிகை ஆசிரியரைத் தேடி என் ஆள் மூன்று இரவு ஊரில் தங்கப் போகிறாள்: 24 வெள்ளிக்காசு, 250-இல் மூன்று நாள், அதற்கான மூன்று பொற்காசு. கூரைக்கு அடியில் அந்த முதல் இரவை எப்படிக் கழிக்கிறாள் என்று இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டேன். சன்னல் பக்கம் படுக்கை கேட்டிருக்கிறாள்.