ப்ராட்காம் வைஃபை: டிரைவரோடு மல்லுக்கட்டுவதா, கார்டையே மாற்றுவதா?

பெரம்பூர்க்காரி:
அண்ணனின் பழைய லேப்டாப் இப்போது என்னிடம். உபுண்டு 24.04 லினக்ஸ் போட்டிருக்கிறேன். உள்ளே இருப்பது ப்ராட்காம் பிசிஎம் 43142 சிப். அதை இயக்க ப்ராட்காமின் ‘டபிள்யூஎல்’ டிரைவரைப் போட்டதும் வைஃபை வந்தது. போன வாரம் அப்டேட்டில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறியது, மறுநாள் காலை வைஃபை பட்டியலே காலி. டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும். இறுதியாண்டு புராஜெக்ட் பாதியில் நிற்கிறது. டிரைவரைச் சரிசெய் என்கிறாள் ஒரு தோழி, கார்டை மாற்று என்கிறாள் இன்னொருத்தி. என்ன செய்யட்டும்?

மயிலைவாசி:
பதறாதீங்கம்மா. ஆன்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி, போனின் நெட்டைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். உபுண்டு அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அப்புறம், கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். இந்த டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியாகக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டும்; பழையதற்கு ஏற்கெனவே கட்டப்பட்டிருப்பதால் வைஃபை திரும்பிவிடும்.

கார்டை மாற்ற வேண்டியதே இல்லை. 24.04 முதலில் வந்தது 6.8 கெர்னலோடு. 24.04.2-இல் 6.11, 24.04.3-இல் 6.14 என்று தாவியது. தாவாமல் 6.8-இலேயே நிற்கும்படி அமைத்துவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 வரை வரும்.

குரோம்பேட்டை ரயில்:
போன் யோசனையும் பழைய கெர்னல் யோசனையும் சரி சார், இன்றைய அவசரத்துக்கு. ஆனால் அந்த டிரைவருக்காகக் கெர்னலைக் கட்டிப்போடுவதை என்னால் ஏற்க முடியாது. டபிள்யூஎல்லின் கடைசிப் பதிப்பு 6.30.223.271, வந்தது 2015-இல். அதன்பின் கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம் உபுண்டு, டெபியன் பராமரிப்பாளர்கள்தான் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். அந்த ஒட்டும் வெளி உறைக்குத்தான். நடுவில் இருப்பது மூடிய பைனரி, அதாவது மூலநிரல் தராமல் இயந்திர மொழியில் மட்டும் கொடுத்த பகுதி. அதில் ஓட்டை இருந்தால் அடைக்க வெளியே யாரிடமும் மூலநிரல் இல்லை.

‘பி43’ டிரைவரும் இங்கே கைகொடுக்காது. ப்ராட்காம் விவரம் தராத காலத்தில் தன்னார்வலர்கள் சிப்பின் போக்கைத் துருவித் துருவி எழுதிய டிரைவர் அது. 2008 ஜனவரியில் 2.6.24 கெர்னலோடு வந்தது. எவ்வளவு பேரின் லேப்டாப்பை அது காப்பாற்றியது! 2010-இல் ப்ராட்காமே ஒரு திறந்த டிரைவரைத் தந்தது. இரண்டிலும் 43142 இல்லை.

அதனால் ரிச்சி தெருவுக்குப் போய், பழைய கார்டையே காட்டி, அதே அளவில் இன்டெல் 7260 கேளுங்கள். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கெர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும்.

மயிலைவாசி:
மூடிய பைனரி குற்றம் என்றால், இன்டெல் கார்டுக்கும் அதன் உள் நிரலான மூடிய ஃபர்ம்வேர் ஏற்றித்தானே ஆக வேண்டும்? இங்கே பாவம், அங்கே புண்ணியமா? இன்னொன்று, சில லேப்டாப்களில், கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் தொடங்கவே மறுக்கும். எனக்கே அது நடந்தது. காசு கொடுத்து வாங்கிய கார்டு மேசையில் கிடந்தது. படிக்கிற பிள்ளையை அந்தச் செலவில் இழுத்துவிடாதீர்கள்.

குரோம்பேட்டை ரயில்:
பயாஸ் எச்சரிக்கை நியாயமானது, முன்பே சொல்லியிருக்க வேண்டும். திருப்பி எடுத்துக்கொள்கிற கடையில் மட்டும் வாங்குங்கள்மா.

ஃபர்ம்வேர் வேறு விஷயம் சார். அது ஓடுவது கார்டில் இருக்கும் சின்னச் செயலியில். டபிள்யூஎல் ஓடுவது உங்கள் கெர்னலுக்குள், முழு அதிகாரத்தோடு. 2022-இல் டெபியன்காரர்கள் ஓட்டெடுப்பு நடத்தி, அடுத்த வருடம் வந்த டெபியன் 12-இன் நிறுவியிலேயே மூடிய ஃபர்ம்வேரைச் சேர்த்தார்கள். டபிள்யூஎல்லுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஃபர்ம்வேர் கோப்பே ஏற்றாமல் ஓடும் கார்டு வேண்டுமென்றால், பழைய ஏத்தரோஸ் ஏஆர் 9485 இருக்கிறது. ஆனால் அதில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை கிடையாது, 2.4 மட்டும்தான்.

அடையாறு ஆலமரம்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். டிரைவர் உண்மையில் உடைந்ததா என்று முதலில் பார்த்தோமா? எந்தக் கெர்னலுக்கு டிரைவர் கட்டப்பட்டது என்று காட்டும் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ (dkms status) கட்டளையை டெர்மினலில் கொடுங்கள் தங்கை. புதிய கெர்னலுக்கு நேராக ‘இன்ஸ்டால்ட்’ என்று வந்தால் கோளாறு வேறு இடத்தில். ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ (rfkill list) கொடுத்து, வைஃபை பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பல லேப்டாப்களில் விமானப் படம் போட்ட (ஃபிளைட் மோட்) பொத்தானில் கை பட்டாலே போதும், பூட்டிக்கொள்ளும்.

பெரம்பூர்க்காரி:
பார்த்துவிட்டேன் அண்ணா, எதுவும் பூட்டியிருக்கவில்லை. புதிய கெர்னலுக்கு டிரைவர் கட்டப்படவே இல்லை, பிழைச் செய்தியோடு நின்றிருக்கிறது. மயிலை சார் சொன்னபடி பழைய கெர்னலில் நுழைந்து, அன்றிரவே புராஜெக்டை அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தேன். பழைய 7260 ஒன்று கிடைத்தது. வேலை செய்யாவிட்டால் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். பயாஸ் மறுக்கவில்லை. புதிய கெர்னலிலும் வைஃபை வருகிறது. ஒரே சந்தேகம்: லேப்டாப்பில் ஆன்டெனா கம்பி ஒன்றுதான், கார்டில் முனை இரண்டு.

குரோம்பேட்டை ரயில்:
43142-க்கு ஒன்று போதும், அதனால்தான் ஒன்று. முதல் முனையில் மாட்டுங்கள், இரண்டாவது காலியாக இருக்கலாம். வேகம் குறையும், ஆனால் இணைப்பு அறுந்துபோகாது.

மயிலைவாசி:
அந்தக் கம்பி 2.4 கிகாஹெர்ட்ஸுக்காக வைத்ததாக இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் அடுத்த அறைக்கே தடுமாறும். பழைய கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீங்கம்மா. 6.8-இல் அது இன்னும் ஓடும்.