ஜிமெயில் மடல்களில் மட்டும் டிகிம் சரிபார்ப்பு தோல்வியடைகிறது – உதவி தேவை

நிரலன்:
வணக்கம். எங்கள் பிழைப்பதிவு மென்பொருளுக்கு மின்னஞ்சல் வழியாகவே கட்டளை அனுப்பலாம். மடலின் முதல் வரியில் ‘மூடு’ என்று இருந்தால் பதிவு மூடப்படும். அனுப்புநர் முகவரியை எவரும் போலியாக எழுதிவிட முடியும் என்பதால், டிகிம் கையொப்பம், அதாவது அனுப்பும் சேவையகம் மடலில் இடும் மின்னணுக் கையொப்பம், செல்லுபடியாகும் மடல்களை மட்டுமே ஏற்கும்படி நிரல் எழுதியுள்ளேன். அலுவலக முகவரிகளிலிருந்து வருபவை ஏற்கப்படுகின்றன. ஜிமெயிலிலிருந்து வருபவை அனைத்தும் நிராகரிக்கப்படுகின்றன. நாளை பயன்பாட்டுக்கு வர வேண்டும். உதவுங்கள்.

தாழை:
எந்த நூலகம்? பிழைச்செய்தி என்ன சொல்கிறது? மடல் வந்த வடிவிலேயே மூல பைட்டுகளைச் சோதிக்கிறீர்களா, அல்லது பிரித்து மீண்டும் கோத்ததையா? இடையில் வேறு சேவையகம் ஏதேனும் உள்ளதா?

வேர்ப்பலா:
திறவுகோலில்தான் சிக்கல் இருக்கும். கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் ஜிமெயிலின் பொதுத் திறவுகோல் 2048 பிட் நீளமுடையது. அது வெளியிடப்படும் டி.என்.எஸ். (இணையப் பெயரேடு) டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரம் 255 பைட்டுகளைத் தாண்ட முடியாது என்பதால் அது துண்டுகளாக வரும். உங்கள் நிரல் முதல் துண்டை மட்டும் படிக்கிறது.

கருவேலன்:
2011இல் வெளியான டிகிம் தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 6376ஐ ஒருமுறையாவது முழுமையாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. டிகிம் உறுதிசெய்வது டொமைனை, மனிதரை அன்று. கையொப்பத்தில் உள்ள டொமைனும் அனுப்புநர் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் டொமைனும் ஒன்றா என்று பார்க்காமல், கையொப்பம் செல்லுபடியாகிறது என்பதற்காகவே ஒரு கட்டளையை நிறைவேற்றினால், தன் சொந்த டொமைனில் கையொப்பமிட்டு உங்கள் மேலாளர் பெயரில் எவரும் மடல் அனுப்பலாம்.

நிரலன்:
பைத்தான் மொழி, டிகிம்பை நூலகம். உடல் ஹாஷ் (மடலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீடு) பொருந்தவில்லை என்று வருகிறது. மூல பைட்டுகளையே கொடுக்கிறேன்.

தாழை:
அப்படியானால் திறவுகோலை ஐயுற வேண்டியதில்லை. மடலின் உடலிலிருந்து கணக்கிட்ட ஹாஷைக் கையொப்பத் தலைப்பில் (ஹெடர்) எழுதியுள்ள ஹாஷுடன் ஒப்பிடுவதற்குத் திறவுகோலே தேவைப்படாது. கையொப்பமிட்ட பிறகு யாரோ உடலை மாற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் மடல்களுக்கு எச்சரிக்கை வரி சேர்க்கும் நுழைவாயில் சேவையகம் உங்கள் அலுவலகத்தில் உள்ளதா? உள்மடல்கள் மட்டும் தப்பிப்பதற்கு அதுவே பொருத்தமான காரணமாகத் தெரிகிறது.

வேர்ப்பலா:
அப்படியென்றால் உடலின் தொடக்கத்திலிருந்து குறிப்பிட்ட நீளம் வரை மட்டும் கையொப்பமிடும் வசதியைப் பயன்படுத்தலாமே? அடியில் வரி சேர்ந்தாலும் முறியாது.

கருவேலன்:
அதைத் தீர்மானிப்பது அனுப்பும் தரப்பு, பெறுபவர் அன்று. அதைவிடப் பெரிய குறை, அந்த நீளத்திற்குப் பிறகு எவரும் எதையும் ஒட்டலாம் என்பதே. கட்டளைகளுக்கு ஒவ்வொரு பயனரும் தன் சொந்தத் திறவுகோலால் பி.ஜி.பி. முறையில் கையொப்பமிடுவதே முறை.

வேர்ப்பலா:
பிழைப்பதிவை மூடுவதற்காக எல்லோரும் திறவுகோல் பராமரிக்க வேண்டும் என்றால் இந்த வசதியை ஒருவரும் பயன்படுத்த மாட்டார்கள். டிகிமின் பலமே, பயனர் எதையும் நிறுவ வேண்டாம் என்பதுதான்.

கருவேலன்:
செல்லுபடியாகும் பழைய மடலை ஒருவர் அப்படியே மீண்டும் அனுப்பினால்? டிகிம் அதைத் தடுக்காது.

தாழை:
உண்மை, ஆனால் அதற்காகப் பி.ஜி.பி. வரை போக வேண்டாம், பி.ஜி.பி.யும் தானாக அதைத் தடுத்துவிடாது. கையொப்பம் பெறுநர், தேதி, மடல் அடையாள எண் ஆகிய தலைப்புகளை உள்ளடக்கியிருக்கிறதா என்று பார்த்து, பழைய தேதியுள்ளவற்றை மறுத்து, ஒருமுறை நிறைவேற்றிய அடையாள எண்ணைச் சேமித்து வைத்தால் போதும்.

நிரலன், சரிபார்ப்பு நுழைவாயில் உடலைத் தொடும் முன்பே நடக்க வேண்டும். அங்கே கிடைக்கும் முடிவை ஆர்.எஃப்.சி. 8601 கூறும் முடிவுத் தலைப்பில் (சரிபார்ப்பு முடிவை மடலிலேயே குறிக்கும் ஹெடர்) எழுதச் செய்து, உங்கள் நிரல் அதை மட்டும் படிக்கட்டும். ஆனால் வெளியிலிருந்து வரும் மடலில் உங்கள் சேவையகப் பெயருடன் அத்தகைய தலைப்பு ஏற்கெனவே இருந்தால் நுழைவாயிலே அதை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மோசடி செய்பவர் தேர்ச்சிச் சான்றைத் தானே எழுதிக் கொண்டுவருவார்.

நிரலன்:
நுழைவாயில் அடியில் இரண்டு வரி சேர்ப்பது உறுதியானது. சரிபார்ப்பை அதற்கு முன்னால் மாற்றித் தந்தார்கள். ஜிமெயில் மடல்கள் இப்போது ஏற்கப்படுகின்றன. டொமைன் ஒப்பீட்டையும் சேர்த்துவிட்டேன். நன்றி.

தாழை:
பெறுநர் தலைப்பு, அடையாள எண் சோதனைகள்?