டெயில் லைட்டுக்கு ஸ்மோக் பிலிம்: ஒட்டலாமா?

வெள்ளைப்போலோ:
வெள்ளை போலோ கார் வைத்திருக்கிறேன். அலாய் வீல் கறுப்பு, சைடு மிரர் கறுப்பு. பின்பக்கம் மட்டும் அந்தச் சிவப்பு விளக்கு ஒட்டாமல் துருத்திக்கொண்டு தெரிகிறது. அதன் மேல் ஒட்டும் புகை நிற பிலிமைப் பற்றி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு வண்டி உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன். லைட் ஸ்மோக், டார்க் ஸ்மோக் என்று இரண்டு பிலிம் காட்டினார்கள். லைட் ஸ்மோக் பாதி வெளிச்சத்தை விட்டுவிடுமாம். அப்பா கூடவே கூடாது என்கிறார். உங்கள் கருத்து என்ன?

ட்ராக்டே:
ஒட்டுங்க ப்ரோ. கம்பெனியிலிருந்தே புகை நிற டெயில் லைட்டோடு வண்டிகள் வருகின்றன, அதை யாரும் குறை சொல்வதில்லை. லைட் ஸ்மோக் பகலில்தான் கறுப்பாகத் தெரியும். இரவில் பிரேக்கை மிதித்தால் சிவப்பு சிவப்புதான். மேலே மூன்றாவது பிரேக் லைட் வேறு இருக்கிறது, அதை மூடச் சொல்லி நான் சொல்லவில்லை. டெயில் லைட்டே எரியாத லாரிகளை விட்டுவிட்டு நம்மிடம்தான் எல்லோரும் பாதுகாப்பு பேசுவார்கள்.

ஜிஎஸ்டிபயணி:
இரவில் தெரியும், சரி. சிக்கல் வெயிலில்தான். சாயங்காலம் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் பக்கம் வந்து பாருங்கள். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து முன்னால் போகும் வண்டியின் விளக்கு மேல் நேராக விழும். பிலிம் இல்லாத விளக்கே எரிகிறதா, வெயில் பட்டு மின்னுகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போய்விடுகிறோம். அரை நொடி தாமதமாகக் கவனித்தால் 11 மீட்டர் போச்சு. உங்கள் போலோ மாதிரி இரண்டை வரிசையாக நிறுத்தினாலும் மிச்சம் இருக்கும் தூரம் அது. லாரிக்காரர் விளக்கு போடவில்லை என்பதற்காக நாமும் அணைத்துக்கொள்ள வேண்டுமா?

பல்புக்கடை:
ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன். வண்டி விளக்குகளுக்கான ஐ.நா. விதி 7-இன்படி, பிரேக் லைட் நேர் பின்னால் குறைந்தது 60 கேண்டெலா (வெளிச்சத்தின் வலிமையை அளக்கும் அலகு) தர வேண்டும், டெயில் லைட் 4 கேண்டெலா. புதிதில் இதற்கு மேலேயே இருக்கும். அப்புறம் லென்ஸ் மங்கும், உள்ளே தூசி படியும், பல்பு கண்ணாடி கறுக்கும். அந்த மிச்சத்திலிருந்துதான் பிலிம் பாதியைத் தின்கிறது. கம்பெனிக்காரர்கள் கறுப்பு லென்ஸ் வைத்தால் அதற்கேற்ற வெளிச்சத்தை உள்ளே வைத்து, முழு விளக்கையும் சோதனையில் தேற்றிய பிறகுதான் வண்டியில் மாட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

யாரும் கவனிக்காத இன்னொன்று, ரிப்ளெக்டர். பல வண்டிகளில் அது டெயில் லைட்டுக்குள்ளேயே இருக்கும். பின்னால் வருபவரின் ஹெட்லைட் வெளிச்சம் பிலிம் வழியாக உள்ளே போய், திரும்பவும் பிலிம் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். போகும்போது பாதி, வரும்போது அதில் பாதி. மிஞ்சுவது கால் பங்குதான். பேட்டரி செத்து வண்டி ஓரமாக நிற்கும்போது உங்களைக் காட்டிக்கொடுப்பது அந்த ஒன்றுதான். உங்கள் வண்டியில் அது விளக்கிலா பம்பரிலா என்று முதலில் பாருங்கள்.

ட்ராக்டே:
ரிப்ளெக்டரை விட்டு வெட்டி ஒட்டலாமே! வெளிச்சம் குறைகிறது என்றால் எல்இடி பல்பு போட்டால் போச்சு. சாதா பல்பைவிட 0.2 நொடி முன்னாலேயே முழுசாக எரிந்துவிடும். ஜிஎஸ்டிபயணி போட்ட மீட்டர் கணக்கில் நாலு மீட்டருக்கு மேல் லாபம்.

பல்புக்கடை:
முன்னால் எரிவது உண்மை. ஆனால் விளக்குக்குள் வெளிச்சத்தைத் திருப்பும் கிண்ணம் இழை பல்புக்காக வளைத்தது. வெளிச்சம் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். எல்இடி மாட்டினால் நடுவில் ஒரு புள்ளி கண்ணைக் குத்தும், ஓரமெல்லாம் இருட்டு. வெள்ளை எல்இடியைச் சிவப்பு லென்ஸுக்குள் போட்டால் பாதி வெளிச்சம் அங்கேயே வீண். இண்டிகேட்டருக்குப் போட்டால் கரண்ட் குறைவாக இழுப்பதால் படபடவென்று அடிக்கும். அதற்கு ரெசிஸ்டர் வைப்பார்கள், அது சூடாகும்.

கறுப்புக்கோட்டு:
சட்டமும் பேசிவிடலாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 105, பின்விளக்கின் சிவப்பு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, வண்டியை மாற்றுவது பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே வாசித்தது.

ட்ராக்டே:
52-ஐ நானும் படித்தேன் சார். ‘மாற்றம்’ என்றால் வண்டியின் கட்டமைப்பு மாறி, அதன் அடிப்படை அம்சமே மாற வேண்டும் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு துண்டு பிலிம் எந்தக் கட்டமைப்பை மாற்றுகிறது? கதவுக் கண்ணாடி பிலிமையே கேரள உயர் நீதிமன்றம் 2024-இல் அனுமதித்துவிட்டது.

கறுப்புக்கோட்டு:
52-இல் உங்கள் வாதம் நிற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டத்தில் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு இருக்கிறதே. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறினால் 190(2), அது 10,000 ரூபாய் வரை போகும். கேரளத் தீர்ப்பு எதையும் ஒட்டலாம் என்று சொல்லவில்லை. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதம், பக்கத்தில் 50 சதவீதம் வெளிச்சம் கடக்க வேண்டும் என்ற வரம்புக்குள்தான் அனுமதி. விளக்குக்கு அப்படி ஒரு சதவீதமே கிடையாது.

அபராதத்தைக்கூட விடுங்கள். பின்னால் இடித்தவர் மேல்தான் தப்பு என்று பொதுவாக நினைக்கிறோம். விளக்கில்லாமல் நின்ற லாரியில் மோதிய வழக்குகளில் லாரி பக்கமும் தவறு உண்டென்று தீர்ப்பாயங்கள் பங்கு போட்டிருக்கின்றன. நாளை உங்களை ஒருவர் இடித்தால், அவருடைய வக்கீல் முதலில் எடுக்கும் போட்டோ உங்கள் டெயில் லைட்டுடையதாகத்தான் இருக்கும்.

வெள்ளைப்போலோ:
பிலிம் வேண்டாம் என்றே தோன்றுகிறது. கறுப்பு லென்ஸோடு முழு செட்டாகவே விற்கிறார்களே, அது பரவாயில்லையா?

பல்புக்கடை:
லென்ஸில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் சோதனையில் தேறியது என்று அர்த்தம். போலியாக அச்சடிப்பவர்களும் உண்டு, ரொம்ப மலிவாக இருந்தால் வாங்காதீர்கள்.

ட்ராக்டே:
நான் என் வண்டிக்கு ஒட்டத்தான் போகிறேன். கார் பிரியர்கள் கூடும் மீட் நடக்கும் அன்று ஒட்டி, முடிந்ததும் உரித்துவிடுவேன்.

பல்புக்கடை:
உரிக்கும்போது ஹீட் கன்னை (சூடான காற்று ஊதும் கருவி) ஒரே இடத்தில் காட்டாதீர்கள் தம்பி, லென்ஸ் நெளியும். பசை மிச்சம் இருந்தால் பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைக்காதீர்கள். அக்ரிலிக் லென்ஸ் முழுக்க மயிரிழை விரிசல் விடும். சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு விரலால் உருட்டி எடுங்கள்.